ரோட்ஸ் தீவின் ரோஜாவும் ஒரு குதிரைக்காலும்

போஸ்ட்டு, கிடைத்துவிட்டது!

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. நீ இருக்கும் இடத்துக்கு எந்தத் தபாலும் போய்ச் சேராது என்பது ஆயுசு முழுக்கத் தபாலாபீசில் இருந்த உனக்குத் தெரியாதா? ஆனாலும் யாரிடமாவது கத்திச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. அதற்கு உன்னைவிட்டால் ஆளில்லை.

விரலில் பென்சில் கரி ஒட்டியிருக்கிறது. மோந்து பார்த்தால் உன் சட்டைப்பை வாசனை. கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் கொஞ்ச நாளாக ஒரு மெல்லிய தாள் வைத்திருக்கிறேன். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு ரோஜாப்பூ, பூவைச் சுற்றி நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள். எண்ணெய் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன். "இன்னா பாய், புது பிராண்டா?" என்று ஒரு அம்மா கேட்டது. "ரொம்பப் பழைய பிராண்டும்மா" என்றேன். நீ இருந்திருந்தால் அந்தப் பதிலுக்கு மேசையைத் தட்டிச் சிரித்திருப்பாய்.

நீ முதன்முதலில் என் கடைக்கு வந்த நாள் ஞாபகம் வருகிறது. வில்லியனூருக்கு நீ மாற்றலாகி வந்த புதிது. பாகூர்ப் பக்கத்து உன் ஊரிலிருந்து தினமும் வண்டியில் வந்துபோவாய். கால் லிட்டர் நல்லெண்ணெய் கேட்டாய். நான் அளந்து ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், நீ என் பில் தாளில் ஒன்றைக் கிழித்து எண்ணெய் டின்னின் மூடிமேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருக்கிறாய்! மூடியில் புடைத்திருந்த எழுத்தெல்லாம் தாளில் வெள்ளையாக எழுந்து வந்தது.

"இன்னா சார் பண்றீங்க?"

"பேர் எடுக்கிறேன் பாய். யாரு அடிச்சான், எந்த ஊர்ல அடிச்சான்னு முத்திரை சொல்லிப்புடும். நான் நாள்பூரா அத்தத்தான அடிச்சிகினு கிடக்கிறேன்."

மறை கழன்ற கேஸ் என்று நினைத்தேன். பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், நீ போகிற போக்கில் ஒன்றைச் சொன்னாய். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எண்ணெய் ஜாடி மேல முத்திரை அடிச்சிருக்கான் பாய். அந்த ஜாடியெல்லாம் கப்பல்ல இங்கதான் வந்துது. நம்ம அரிக்கமேட்டுக்கு." அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். எங்கள் அத்தா காலத்திலிருந்து எண்ணெய் வியாபாரம். எங்களுக்கு முன்னாலேயே ஒருவன் கடல் தாண்டிக் கொண்டுவந்து இந்த மண்ணில் எண்ணெய் இறக்கியிருக்கிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாய். கண்ணாடிக்குப் பின்னால் உடைந்த ஜாடிகள். ஆம்போரா என்று நீ சொல்லிக்கொடுத்த பேரை நான் அன்று முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். நீண்ட கழுத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி, அடிப்பக்கம் கூம்பிப் போய்க் கூராக முடிகிறது. எனக்குக் கோபமே வந்தது. "தரையில நிக்காத ஜாடிய எவன்யா செய்வான்? எண்ணெய் எல்லாம் கொட்டிடுமே!" என்றேன். நீ வாட்ச்மேன் முறைப்பதையும் பார்க்காமல் கைகளை விரித்துக் காட்டினாய். கப்பலின் அடித்தட்டில் ஒரு வரிசை, அதன் கழுத்துகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் கூரான அடி, இப்படியே அடுக்கிக்கொண்டு போவார்கள், கவிழ்த்து ஊற்றும்போது அந்தக் கூர் மூன்றாவது கைப்பிடி. டின் அடுக்கியே முதுகு போனவன் நான். அந்த அடுக்கு என் கண்ணுக்குள் அப்படியே எழுந்து நின்றது.

அதற்குப் பிறகு நம் பேச்சுக்கு வேறு விஷயமே இல்லாமல் போயிற்று. உனக்கு முத்திரை, எனக்கு உள்ளே இருந்த சரக்கு. ரோட்ஸ் என்று ஒரு கிரேக்கத் தீவு, அங்கே செய்த ஜாடியின் ஒரு கைப்பிடியில் செய்தவன் பேர், இன்னொன்றில் அந்த வருஷத்துப் பூசாரியின் பேரும் மாசமும் இருக்கும் என்பாய். "அவங்களுக்கு வருஷத்துக்கு நம்பரே கிடையாது பாய். இன்னார் பூசாரியா இருந்த வருஷம்னுதான் கணக்கு. எங்க தேதி முத்திரை மாதிரியே இருக்குது பாரு." பூவைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் மாறும். சில முத்திரைகளில் நடுவே ஒரு ரோஜா இருக்கும், அது அந்தத் தீவின் அடையாளம்.

நான் வேறு கேள்வி கேட்பேன். மண்ஜாடியில் எண்ணெய் கசியாதா? உள்ளே பிசின் பூசுவார்கள் என்றாய். "பிசின் பூசுனா எண்ணெய் அத்தக் கரைச்சிக் கெட்டுப்பூடுமே" என்றேன். நீ எங்கெங்கோ படித்துவிட்டு வந்து, பிசின் பூச்செல்லாம் பெரும்பாலும் ஒயின் ஜாடிக்குத்தான், எண்ணெய் ஜாடியை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்றாய். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம்! கடல் தாண்டி, காலம் தாண்டி ஒரு வியாபாரியோடு கை குலுக்கிய மாதிரி இருந்தது. ஒயின், எண்ணெய், மீனை ஊறவைத்து எடுத்த சாறு எல்லாம் இங்கே இறங்கியிருக்கிறது. மிளகும் துணியும் பாசிமணியும் இங்கிருந்து ஏறியிருக்கிறது. காலி ஜாடியை மட்டும் யாரும் திருப்பி எடுத்துப்போகவில்லை. என் காலி டின்கள் வில்லியனூர் முழுக்கத் தண்ணீர் வாளியாகவும் பூந்தொட்டியாகவும் கிடக்கிறதே, அதே கதைதான்.

உன் வண்டியில் நாம் சுற்றாத இடம் உண்டா? ஆற்றங்கரை, பாகூர் ஏரிக்கரை, கரியமாணிக்கம் போகிற வழியில் உழுது போட்ட நிலமெல்லாம். தோண்டவே கூடாது என்பது நீ போட்ட சட்டம். "மண்ணு தானா காட்டுனா பாக்கலாம். நாம நோண்டக்கூடாது." பானை ஓடு கிடைத்தால் குனிந்து பார்ப்பாய், திருப்புவாய், இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாய். அலுப்பு வந்தால் செங்கல் சூளையில் நிறுத்தி, கல்லில் பதித்திருக்கும் இரண்டெழுத்தைத் தாளில் தேய்த்து எடுப்பாய். சூளைக்காரர்கள் உன்னை ஏதோ வரி ஆபீசர் என்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

உனக்கு ஒரே ஆசைதான். அதை நீ மறைத்ததே இல்லை. "கண்ணாடிக்குள்ள இருக்கிறது இல்ல பாய். நம்ம கண்ணு முன்னாடி, எங்க ஊரு மண்ணுல, முத்திரை போட்ட ஒரு கைப்பிடி. அத்தப் பாத்துட்டா போதும்."

அப்படி இருக்கையில்தான் அந்தக் கோடை உழவு வந்தது. உன் ஊர் அய்யனார் கோயிலுக்குப் பக்கத்து நிலம். உழவு சாலில் வெயில் பட்டுச் சிவப்பாக ஒன்று தெரிந்தது. மணிக்கட்டுப் பருமன், சுட்ட மண், கீழே போகப்போகக் குறுகல். நீ அதன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாய். "பாய்... அடி! ஆம்போரா அடி பாய்!" என்றபோது உன் உதடு நடுங்கியது. முதல் தடவையாக உன் சட்டத்தை நீயே மீறி, நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, துண்டில் சுற்றி எடுத்தாய். பச்சைக் குழந்தையை வைத்திருக்கிற மாதிரி நான் அதை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார, புதுச்சேரித் தொல்லியல் ஆபீசுக்குப் பறந்தோம்.

அங்கே கண்ணாடி போட்ட அந்த மேடம் துண்டைப் பிரித்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "பக்கத்துல அய்யனார் கோயில் இருக்குதா சார்?"

இருக்கிறது என்றோம். "இது குதிரைக்கால்" என்றார்.

பாவம், அவர் சிரிக்கக்கூட இல்லை. சிரித்தது ஊர். நேர்ந்துகொண்டு அய்யனாருக்கு விடுகிற மண்குதிரையின் காலைத் துண்டில் சுற்றிக்கொண்டு புதுச்சேரி வரை போன போஸ்ட் மாஸ்டர் என்று, இரண்டே நாளில் தவளக்குப்பம் கூட்ரோட்டு டீக்கடை வரைக்கும் கதை போய்விட்டது. அன்று திரும்பும் வழியில் அந்தக் கடையில்தான் நிறுத்தியிருந்தோம். நீ டீயை வாங்கி, ஆடை கட்டும் வரை கையில் வைத்திருந்து, குடிக்காமலேயே வைத்துவிட்டாய்.

உன் ஊர் வழக்கம் எனக்கு அன்றுதான் முழுசாகத் தெரிந்தது. வயலிலோ வரப்பிலோ குதிரைத் துண்டு மாதிரி எது அகப்பட்டாலும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, மிதிக்கக் கூடாது. கோயிலுக்குப் பின்னால் உடைந்த குதிரைகளைக் குவித்திருக்கிற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அது அய்யனார் பொருள். நீயும் சேர்த்தாய். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காலைக் குவியலில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று வண்டிக்கு வந்தாய். "இனிமே அந்தக் குவியல் பக்கம் தலைவெச்சிப் படுக்க மாட்டேன் பாய்." சொன்னபடியே செய்தாய். எத்தனையோ முறை அந்த வழியாகப் போனோம். ஒரு தடவைகூட நாம் அங்கே எட்டிப் பார்க்கவில்லை.

போன ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். நெஞ்சு வலி என்று சொன்னவனை அந்த வலி ஆஸ்பத்திரி வாசல்வரைகூட விடவில்லை. நான் வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், சட்டைப்பையில் பென்சில். உன் சம்சாரம், எனக்குத் தங்கச்சி, அதை எடுத்து என் கையில் கொடுத்தாள். அன்றைக்கு நான் அழவில்லை. அந்தப் பென்சிலைச் சீவிய அன்றைக்குத்தான் அழுதேன்.

சரி, இப்போது கேள்.

உன் ஊர்க் கோயிலில் திருப்பணி ஆரம்பித்திருக்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் என்னிடம்தான் வாங்குவது வழக்கம் என்பதால் டின்களை ஏற்றிக்கொண்டு நானே போனேன். தங்கச்சியும் அங்கே இருந்தாள். புது மேடை கட்டப் பள்ளம் எடுத்து, அதில் கொட்டி நிரவ அந்தப் பழைய குவியலைச் சட்டி சட்டியாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். சாமி பொருள் சாமி காலடியிலேயே போகட்டும் என்று முடிவாம். பக்கத்தில் கலவை மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மழையில் துண்டெல்லாம் கழுவிவிட்ட மாதிரி கிடந்தது. கால், காது, பிடரி, மணி கட்டின கழுத்து.

ஒரு சட்டி என்னைத் தாண்டிப் போனது. அதன் மேலாக ஒரு கால் கிடந்தது, ஆனால் முழங்கையை மடக்கின மாதிரி மடங்கியிருந்தது. எந்தக் குதிரைக்குக் கால் அப்படி மடங்கும்? நம் மண்ணின் சிவப்பும் இல்லை, வெளிறிப்போன ஒரு நிறம். யோசிக்கிறதுக்கு முன்னால் என் கை அதை எடுத்துவிட்டது. எடுத்த கை அப்படியே மூடிக்கொண்டது போஸ்ட்டு! நான் எத்தனை டின், எத்தனை ஜாடி, எத்தனை குடம் தூக்கியிருப்பேன்! பிடிக்கிறதுக்கென்று செய்த பொருள் கைக்குள் வந்து உட்காருகிற விதமே வேறு. இது ஓட வந்ததில்லை, தூக்க வந்தது. மடக்கின இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம், உள்ளே சேறு.

"நிறுத்துங்க! மிஷின நிறுத்துங்கய்யா!" என்று கத்தினேன். சித்தாள் அம்மா பயந்து சட்டியைக் கீழே போட்டுவிட்டது.

வழக்கம்போல வேட்டி நுனியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைக்கப்போனேன். துரு, அழுக்கு எல்லாவற்றுக்கும் எனக்கு அதுதானே மருந்து! "தண்ணி மட்டும் பாய், வேற எதுவும் படக்கூடாது" என்று நீ ஓடுகளைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னது அந்த நேரத்தில் காதில் விழுந்தது. தங்கச்சி சொம்பில் தண்ணீர் எடுத்து மெல்ல ஊற்றினாள். சேறு கரைந்தது. வெயிலில் காயவைத்து, பில் தாளை மேலே வைத்து, உன் பென்சிலைப் படுக்கவாக்கில் பிடித்து, நீ தேய்க்கிற மாதிரியே மெதுவாகத் தேய்த்தேன். முதலில் வட்டம் வந்தது. பிறகு ஏதேதோ கோடு. பிறகு, போஸ்ட்டு, நடுவில் பூ வந்தது!

தாளைத் தூக்கிப் பிடித்தேன். தங்கச்சிதான் தாளை வாங்கிப் பார்த்தாள். "அண்ணே, இந்தப் பூவு... அவரு எத்தப் பாத்தாலும் வரைஞ்சிகினே இருப்பாரே. வாசல்ல கூட இத்தத்தான் கோலமாப் போடுடின்னு உயிர வாங்குவாரு. இதுவா அது?" என்றாள். இதுதாம்மா என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கோயில் தலைவர் வந்தார். அவருக்கு விஷயம் எல்லாம் தெரியும், அதுதான் சங்கடமே. "இன்னா பாய், மறுபடியும் குதிரைக்காலா? போஸ்ட்டு உங்கள்ட்ட உட்டுட்டுப் போயிட்டாரா அந்த வியாதிய?" என்று சிரித்தார். நான் விளக்கினேன். தாளைக் காட்டினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார், ஆனால் தலையாட்டினார். "எதுவா வேணா இருக்கட்டும் பாய். சாமிக்குன்னு வந்துட்டுது. வெளிய போவாது." மேஸ்திரி மறுபடி மிஷின் பக்கம் நடந்தான். நான் வெளி ஆள், எண்ணெய் கொடுக்க வந்தவன். என்ன பேச முடியும்? கையிலிருந்த அந்தக் கைப்பிடி கனத்தது. உனக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்து, அதுவும் சிமெண்டுக்குள் போகப்போகிறதே என்று அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது தங்கச்சி பேசினாள் பார்! உன்னிடம்கூட அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"குதிரக்கால எடுத்தா குதிரைய குடுத்துரணும். அதான நம்ம ஊரு மொறை? எங்க வூட்டுக்காரர் பேர்ல நான் முழுக் குதிரை உடறேன். அய்யனாரு பெரிய மனசுக்காரரு, ஒரு கைப்புடிக்கு முழுக் குதிரை வருதுன்னா வேணான்னா சொல்வாரு?"

கூட்டத்தில் ஒரு கிழவர், "சரியாத்தாம்பா சொல்லுது" என்றார். தலைவர் கோயிலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். "வாக்கு வாக்கா இருக்கணும்" என்றார். இருக்கும் என்றாள். கலவை மிஷின் நின்றது.

மறுநாள் அதே ஆபீஸ், அதே மேடம், தலை மட்டும் நரைத்திருக்கிறது. அதே மாதிரி ஒரு துண்டு. நானே பிரித்தேன். அவர் திருப்பிப் பார்த்தார். லென்ஸை எடுத்தார். முத்திரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"பக்கத்துல அய்யனார் கோயில் இருக்குதா பாய்?"

போச்சு, மறுபடியும் போச்சு என்று நினைத்தேன். "இருக்குதும்மா" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"அப்ப உடனே வண்டிய எடுக்கச் சொல்றேன். இது ரோட்ஸ் கைப்பிடி. அந்தக் குவியல் பூரா நான் பாக்கணும்!"

நான் அந்த ஆபீசிலேயே அல்ஹம்துலில்லாஹ் என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். வண்டியில் போகும்போது மேடம் சொன்னார், அரிக்கமேட்டில் இறங்கின ஜாடி காலியானபின் கைமாறிக் கைமாறி உள்ளூர்ப் பக்கம் போயிருக்கலாம், அங்கே உடைந்திருக்கலாம் என்று. என்றைக்கோ ஒருவர் ஏர் ஓட்டும்போது கைப்பிடி மேலே வந்திருக்கிறது. அவர் அதைக் குதிரைக்கால் என்று நினைத்து அய்யனாரிடம் சேர்த்திருக்கிறார். நாம் குதிரைக்காலை ஆம்போரா என்று நினைத்தோம். அவர் ஆம்போராவைக் குதிரைக்கால் என்று நினைத்தார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை வைத்துவிட்டு வந்தாயே, அன்றைக்கே அது அங்கே கிடந்திருக்கவும் கூடும். உன் கைக்கு எட்டுகிற தூரத்தில்! நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஆற்றாமையாகவும் இருக்கிறது.

குதிரை வாக்கு நிறைவேறியது. வில்லியனூர்ப் பக்கத்துச் சூளையில்தான் செய்யச் சொன்னோம். பேரைப் பெயிண்டில் எழுதுவதுதான் வழக்கம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பச்சை மண்ணாக இருக்கும்போதே முத்திரை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். செய்கிறவர் வேப்பங்கட்டையில் செதுக்கினார். நேராகச் செதுக்கி அழுத்தியதால் உன் பேர் இடம் வலம் மாறி விழுந்தது; அழித்துவிட்டு மறுபடி செதுக்கினார். வட்டமாக உன் பேர், கீழே மாசி என்று மாசம். நடுவில் என்ன போடுவது என்று கேட்டார். தங்கச்சி தயங்காமல், "நெல்லுக்கதிரு" என்றாள். பாகூருக்கு அதைவிட வேறென்ன அடையாளம்? குதிரையின் முன்னங்காலில், மேல்பக்கமாக, அவளே அழுத்தினாள்.

இன்று மாலை குதிரையை நிறுத்தினார்கள். ஊரே வந்தது. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். தலைவர்தான் கூப்பிட்டார், "பாய், நீங்களும் ஒரு கை புடிங்க. இது உங்க கூட்டாளி குதிரைதான?" பிடித்தேன். எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் உன் பென்சிலை எடுத்து அந்தக் காலின்மேல் பில் தாளை வைத்துத் தேய்த்தேன். அந்தக் கரிதான் இப்போது என் விரலில். கண்ணாடிக்கு அடியில் இப்போது இரண்டு தாள் இருக்கிறது, ரோஜா ஒன்று, நெற்கதிர் ஒன்று.

உன் பென்சில் குட்டையாகிவிட்டது. கட்டைவிரலளவுதான் இருக்கும். ஆனாலும் சட்டைப்பையை விட்டு எடுக்க மாட்டேன். அரிக்கமேட்டுப் பக்கம் எந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாலும் அது கூடவே வரும்.

இந்தக் குதிரையும் ஒருநாள் உடையும். மண் மூடும். எவ்வளவு காலம் கழித்தோ இரண்டு கிறுக்கன்கள் அந்தப் பக்கம் வருவான்கள். முத்திரை போட்ட அந்தக் காலை எடுத்து, உதடு நடுங்க, "கைப்பிடி! கைப்பிடி!" என்று துண்டில் சுற்றிக்கொண்டு ஓடுவான்கள். பெரிய ஆபீசில் யாரோ ஒரு அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பக்கத்தில் அய்யனார் கோயில் உண்டா என்று கேட்கும். அவன்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது நீ எங்கிருந்தாலும் பார்த்துக்கொண்டிரு போஸ்ட்டு. அந்தக் காலைத் திருப்பி வைக்கிறவனிடம், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதேடா, குவியலை ஒருதரம் நல்லாப் பாரு என்று எப்படியாவது சொல்லிவிடு.